டீ குடிக்கப் போனவர்

இந்த வருஷம் முதல் பரிசு எனக்கே என்று 2007 பிறந்த அன்று, மாதா கோவிலில் பூசை முடிந்து கேக் வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். பரிசு கொடுக்க வேண்டியவர்களுக்குத்தான் அந்த முடிவு இன்னும் தெரியாது.

என் பெயர் சகாயநாதன். பொதுப்பணித் துறையில் குமாஸ்தா. மூலக்குளத்தில் சொந்த வீடு. ஒரு மனைவி, ஒரு கேமரா. இந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு.

கேமராவைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும். பிலிம் கிடையாது. கழுவுகிற வேலை கிடையாது. நகத்தளவு ஓர் அட்டை, அதற்குள் கடல், வானம், மணக்குள விநாயகர் கோவில் யானை எல்லாம் அடங்கிவிடும். அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால் அத்தனையும் எழுந்து வரும். முதல் முறை பார்த்தபோது நான் சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன். இந்த அதிசயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் பரிசு வாங்காமல் இருப்பது அதிசயத்தை அவமதிப்பதாகும் என்று தோன்றியது.

அவமதிப்பு மூன்று வருஷமாக நடந்துவந்தது. ஊருக்குள் எங்கள் ‘ஒளிவட்டம் கேமரா கிளப்’ வருஷம் ஒரு போட்டி வைக்கும். படங்களை சிடியில் போட்டுக் கொடுக்க வேண்டும். மெட்ராஸிலிருந்து நடுவர் வருவார். யார் எடுத்த படம் என்பது அவருக்குத் தெரியாது. உறுப்பினர் எண் மட்டும்தான். ஹாலின் அரை இருட்டில், திரையில் நம் படம் விழும்போது, நடுவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கருத்துச் சொல்வார். முதல் வருஷம் என் சூரிய அஸ்தமனத்தைப் பார்த்து, “சூரியன் அருமை. ஆனா அது இவர் செஞ்சது இல்ல” என்றார். இரண்டாம் வருஷம் என் பூனையைப் பார்த்து, “பூனைக்கு இதுல இஷ்டமில்லன்னு தெரியுது” என்றார். மூன்றாம் வருஷம், “ம்… அடுத்த படம்” என்றார். அந்த ‘ம்’ பல மாதம் என் காதிலேயே இருந்தது.

முதல் பரிசு எப்போதும் பக்கத்து வீட்டு விக்டருக்கு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சிப்பாய், ஊர்ப் பேச்சில் ‘சொல்தா’. கோடைக்குக் கோடை பாரீசில் மகள் வீட்டுக்குப் போவார், வரும்போது கோபுரம், பாலம், அன்னப்பறவை எல்லாம் படமாகக் கொண்டுவருவார். அன்னத்தை எவன் எடுத்தாலும் பரிசு விழும். எனக்கு வாய்த்தது தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக் கொக்கு.

அந்த விக்டர் கிளப்பில் எப்போதும் எனக்குப் பின் நாற்காலியில்தான் உட்காருவார். ஏனென்று கேட்டால், “உன் பின்மண்டை வெளிச்சம் எனக்குப் படிக்க உதவியா இருக்குப்பா” என்பார். எனக்குப் பின்மண்டையில் வழுக்கை கிடையாது. முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று பலமுறை உறுதி செய்திருக்கிறேன்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். போட்டியில் ஆளுக்கு இரண்டே படம். நானோ அமர காவியங்களைக் கம்ப்யூட்டர் நிறையக் குவித்துவைத்திருந்தேன். எதை விடுவது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். கிளப்பில் ‘குடும்ப உறுப்பினர்’ என்று ஒன்று உண்டு. என் எண் பதினேழு. மனைவியைச் சேர்த்தால் அவளுக்குப் பதினேழு ஏ.

என் மனைவி லூர்துசெல்வி வீட்டிலேயே பிரெஞ்சு டியூஷன் நடத்துகிறாள். சாயங்காலமானால் பிள்ளைகள் ஹாலில், மாடிப்படியில், சமையலறை வாசலில் எல்லாம் உட்கார்ந்து “ழெ சுய், து எ, இல் எ” என்று ஒப்பிக்கும். நான் செருப்பைக் கழற்றக்கூட ஏதாவது ஒரு வினைச்சொல்லைத் தாண்டிப் போக வேண்டும். வீட்டில் ஒரே ஓர் அறைதான் பிள்ளை நுழையாதது. பின்பக்கத்து அறை. அதில் என் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு ‘ஸ்டுடியோ’ என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் ‘பழைய சாமான் ரூம்’ என்கிறார்கள்.

அங்கே அவளைக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினேன். “செல்வி, இதுல ஒரு கையெழுத்து போடு.”

“என்னாது? எங்க அப்பா வீட்டு மனையை எழுதி வாங்குறீங்களா?”

“கிளப்புல உன்னைச் சேக்கறேன்.”

“அங்க எனக்கு என்னா வேல?”

“ஒரு வேலையும் இல்ல. அதான் அதுல அழகு. என் பேர்ல ரெண்டு படம், உன் பேர்ல ரெண்டு படம். நாலும் நான் எடுத்தது.”

“அது ஏமாத்து இல்லியா?”

“வெளியாளு பேர்ல போட்டாதான் ஏமாத்து. நீ என்னா வெளியாளா?”

அவள் பேனாவைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். டியூஷன் பிள்ளைகள் தப்பு விடும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“என் நம்பருக்குப் பரிசு வந்தா?”

“உன் நம்பருக்கு நான் குடுக்கப்போறது கழிச்சுப் போட்டது. அதுக்கு எவன் குடுப்பான் பரிசு?”

“குடுத்தான்னா?”

“குடுத்தா உனக்கு என்னா வேணுமோ கேளு.”

“இந்த ரூம் வேணும். புள்ளைங்களுக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “தாராளமா எடுத்துக்க. மாதா மேல சத்தியம். என் நம்பருக்கு வந்தா?”

“இந்த ரூமைப் பத்தி சாவுற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்.”

கையெழுத்துப் போட்டாள். லாபம் முழுக்க என் பக்கம் என்று நினைத்தேன். அறையை இழக்க வேண்டுமானால் என்னுடைய கழிவு என்னுடைய காவியத்தை ஜெயிக்க வேண்டும். நடக்கிற காரியமா?

போட்டித் தலைப்பு ‘விடியல்’. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் ஸ்கூட்டரில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிளம்பினேன். செல்வியும் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். “படம் வருதோ இல்லியோ, மீனாவது வரட்டும்” என்றாள்.

துறைமுகத்தில் படகுகள் அப்போதுதான் கரை சேர்ந்திருந்தன. ஏலக்காரர் குரல், ஐஸ் உடைக்கிற சத்தம், காக்காய்க் கூட்டம். தரையெல்லாம் ஈரம், செதில் ஒட்டி மினுமினுப்பு. நான் ஸ்டாண்டை விரித்துக் கேமராவை மாட்டினேன். இடது பக்கம் கடல், கிழக்கு. எதிரே ஒரு நீலப் படகு. வலது பக்கம் தூரத்தில் டீக்கடை. காட்சி பிரமாதம். ஒரே குறை, சூரியன் மேகத்துக்குள் இருந்தது.

காத்திருக்கிற நேரத்தில் செல்விக்குக் கொஞ்சம் அறிவு புகட்டலாம் என்று தோன்றியது.

“கையால அமுக்குனா கேமரா நடுங்கும். அதனால டைமர். இதை அமுக்கிட்டு நாம நகந்துடணும். பத்து செகண்டு கழிச்சு அதுவா எடுத்துக்கும்.”

“அந்தப் பத்து செகண்டு நாம என்னா பண்றது?”

“ஒண்ணும் பண்ணக் கூடாது. சும்மா நிக்கணும். வாயத் தொறக்கக் கூடாது. உனக்குக் கஷ்டம்தான்.”

அவள் மீன் கூடைகளைப் பார்க்கத் திரும்பினாள். மேகம் நகரவில்லை. “நான் ஒரு டீ சாப்ட்டு வரேன். எவனும் இதைத் தொடாம பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

போனது டீக்குத்தான். ஆனால் டீக்கடைக்காரர் என் கழுத்துப் பையைப் பார்த்து, “சார் படம் புடிக்கிறவரா?” என்று கேட்டுவிட்டார். அப்படிக் கேட்டவரைப் பாதியில் விட்டுவிட்டு வருவது மரியாதையில்லை. லென்ஸில் ஆரம்பித்தேன். வெளிச்சத்துக்கு வந்தேன். விடியல் வெளிச்சம் எப்படி ஒரு நொடியில் வந்து ஒரு நொடியில் போய்விடும், கலைஞன் எப்படிக் கண் கொட்டாமல் காத்திருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, “என்னங்க” என்று ஒரு குரல் கேட்டது. திரும்பாமலேயே கையை மட்டும் தூக்கி ஆட்டிக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தேன். மனைவி கூப்பிடும்போது திரும்பாமல் கையாட்டுவது ஒரு வித்தை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் கைகூடும்.

நான் திரும்பிவந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. செல்வி கையில் மீன் பையோடு நின்றாள்.

“கூப்பிட்டியா?”

“கூப்பிட்டேன்.”

“எதுக்கு?”

“இப்ப ஒண்ணுமில்ல. நெத்திலி நல்லா இருந்துச்சு, வாங்கிட்டேன்.”

நான் விடவில்லை. படகு, வலை, நங்கூரம், நாய் என்று அட்டை நிறைய எடுத்துத் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சுமார். முதலாவதாக இருந்த படத்தில் மட்டும் என் கை மௌஸிலேயே நின்றுவிட்டது. மேகம் பிளந்திருந்தது. ஈரத்தரை முழுக்கப் பொன். நீலப் படகின் விளிம்பில் நெருப்பு வைத்த மாதிரி ஒரு கோடு. இதை எப்போது எடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை. மகா கலைஞர்களுக்கு இப்படித்தான், கை அது பாட்டுக்கு வேலை செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். என் கையை நானே ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். பயபக்தியாக இருந்தது.

ஆனால் படத்தில் மூன்று கெடுதல் இருந்தது. இடது ஓரத்தில் செல்வி மீன் பையோடு நின்றாள். அவளுடைய நிழல் தரை நீளத்துக்கும் விழுந்துகிடந்தது. வலது பக்கம் டீக்கடையில் எவனோ ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

படத்தில் எதையும் அழிக்கக் கூடாது, சேர்க்கக் கூடாது, ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம், வெளிச்சம் கூட்டிக் குறைக்கலாம் என்று கிளப்பில் ஏதோ விதி இருப்பதாகக் கேள்வி. நான் விதியைப் படிக்கிறவன் இல்லை, கலைஞன். கம்ப்யூட்டரில் ஒரு முத்திரைக் கருவி உண்டு. நல்ல இடத்தைத் தொட்டு, கெட்ட இடத்தில் வைத்துத் தேய்த்தால் கெட்டது மறைந்து நல்லது வந்துவிடும். வாழ்க்கையிலும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வியந்தபடி பல சாயங்காலங்கள் தேய்த்தேன். முதலில் செல்வி போனாள். பிறகு நிழல். டீக்கடைக்காரனிடம் வாயளந்துகொண்டிருந்தவனை நெருங்கியபோது செல்வி பின்னால் வந்து நின்றாள். ஹாலில் பிள்ளைகள் ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தன.

“நான் எங்க?”

“உன்னைத் தூக்கிட்டேன். காம்போசிஷனைக் கெடுத்த.”

“என் நெழலு?”

“அதையும்தான். நீ இல்லாதப்ப நெழல் எப்படி இருக்கும்?”

“ஓரத்துல நான் நிக்கிற வரைக்கும் வெட்டிட்டு நெழலை விட்டிருக்கலாமே. நெழலு நல்லாத்தான இருந்துச்சு.”

“வெட்டுறதெல்லாம் தையக்காரன் வேல, செல்வி. இது கலை.”

அவள் திரையைக் குனிந்து பார்த்தாள். “அந்த டீக்கடையில நிக்கிற ஆளையும் அழிக்கப்போறீங்களா?”

“பின்ன? காலங்காத்தால வேலைவெட்டி இல்லாத ஆளு. ஊரே கடலைப் பாக்குது, இவன் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். ரசனை கெட்டவன்.”

செல்வி ரொம்ப நேரம் அந்த ஆளையே பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தும்மல் என்று நினைத்தேன்.

“சரிதான். நல்லா அழுத்தித் தேய்ங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அழுத்தித் தேய்த்தேன். ஆள் போய்விட்டான்.

கடைசி வேலை, படங்களைச் சுருக்குவது. கிளப் ப்ரொஜக்டருக்கு நீளவாக்கில் 1024 புள்ளிதான் தாங்கும். அதற்கு மேல் போனால் படம் திரையை விட்டு வெளியே போய், கிளப் ஹால் சுவரில் மாட்டியிருக்கும் பாதிரியார் படத்தின் மேல் விழும். சுருக்கி, தலைப்பு வைத்து, சிடியில் ஏற்றினேன். என் எண்ணில் இந்தக் காவியம், ‘பொன் விடியல்’. கூடவே ஒரு கொக்கு. செல்வியின் எண்ணுக்கு ஒரு வாழைப்பூ. இன்னொன்று எதைப் போடுவது என்று நான் கொட்டாவி விட்டபோது அவளே கேட்டாள்.

“இன்னொண்ணு நானே பாத்துப் போட்டுக்கட்டுமா?”

“எதையாவது போடு. சுருக்கத் தெரியுமா?”

“இத்தினி நாளா உங்க பின்னாடி நின்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்.”

அறையை விட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போனேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு. மற்றதெல்லாம் அதற்கு முன்பே நடந்துவிட்டிருந்தது.

போட்டி நாள். ஹால் நிறைந்திருந்தது. கிளப் தலைவர் பலராமன் மாலையோடு நின்றார். நடுவர் ராமலிங்கம், தடித்த கண்ணாடி, மெல்லிய குரல், சிரிக்கிற பழக்கமே இல்லாதவர். நான் முன்னால், பக்கத்தில் செல்வி, எனக்குப் பின்னால் வழக்கம்போல விக்டர். விளக்கு அணைந்தது.

விக்டரின் அன்னம் வந்தது. “அழகா இருக்கு. கொஞ்சம் கேலண்டர் மாதிரி இருக்கு” என்றார் நடுவர். எனக்கு இனித்தது. அடுத்து என் ‘பொன் விடியல்’. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நடுவர் திரைக்கு அருகில் போனார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“இந்தத் தரையில மூணு காக்கா நிக்குது. மூணும் ஒத்தக் கால்ல நிக்குது. மூணும் ஒரே பக்கம் திரும்பியிருக்கு. மூணுக்கும் வாலுல ஒரே எறகு ஒடைஞ்சிருக்கு.”

ஹால் முழுக்கச் சிரிப்பு. முத்திரைக் கருவி நல்ல இடத்தோடு ஒரு காக்காயையும் சேர்த்துத் தொட்டிருக்கிறது. செல்வியின் நிழல் கிடந்த இடமெல்லாம் அதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

“வெளிச்சம் அபாரம்,” என்றார் நடுவர். “ஆனா சுத்தமா தொடைச்சு வெச்சிருக்கு. மனுஷ வாசனையே இல்ல. எடுத்தவரே அந்த எடத்துல இல்லியோன்னு தோணுது.”

பின்னாலிருந்து விக்டர் என் காதில், “த்ரே பியேன், முசியே” என்றார், பிரமாதம் ஐயா என்று பிரெஞ்சில். நான் திரும்பவில்லை.

இன்னும் சில படங்கள் போயின. ஒரு வாழைப்பூ வந்தது. “ம்… அடுத்த படம்.” அதன் பிறகு வந்ததை நான் எப்படிச் சொல்வது?

திரையில் பொன்னாக ஒரு தரை. இடது ஓரத்திலிருந்து ஒரு நிழல் வருகிறது. ஒரு பெண்ணின் நிழல். கையில் பை, காற்றில் முந்தானை. அவள் இல்லை, நிழல் மட்டும். ஈரத்தில் ஒட்டிய செதில்களுக்கு மேலே, நீலப் படகுக்கு முன்னாலே, தரை நீளத்துக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. போய், தூரத்தில் டீக்கடையில் முதுகைக் காட்டி நிற்கிற ஒரு மனிதனின் காலடியைத் தொடுகிறது. அவன் ஒரு கையில் டீ கிளாஸ். இன்னொரு கையைத் திரும்பாமல் பின்பக்கமாகத் தூக்கி ஆட்டுகிறான். அவனைச் சுற்றி உலகமே பொன்னாகிக்கொண்டிருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை.

யாரோ இருமப் போய், இருமாமல் விட்டார்கள். பரிசு, அறை, விக்டர் எல்லாம் மறந்துபோயிற்று. நான் கேமரா வாங்கியதே இப்படி ஒன்றைப் பார்க்கத்தான் என்று தோன்றியது. கண்ணில் நீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. அப்புறம்தான் பொறாமை வந்தது. யார் எடுத்தது இதை? அதற்குப் பிறகு, கொஞ்சம் தாமதமாக, அந்த நீலப் படகை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்ற நினைப்பு வந்தது.

தலைப்பை வாசித்தார் தலைவர். “டீ குடிக்கப் போனவர்.”

நடுவர் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். “இத்தனை வருஷத்துல நான் இப்படி ஒரு நெழலைப் பாத்ததில்ல” என்றார். “இந்த ஆளைத்தான் எல்லாரும் அழிச்சிருப்பாங்க. இந்த ஆளுதான் படமே.”

மூன்றாம் பரிசு யாருக்கோ. இரண்டாம் பரிசு அன்னத்துக்கு. “முதல் பரிசு, பதினேழு ஏ. திருமதி லூர்துசெல்வி” என்று அறிவித்தார் தலைவர்.

செல்வி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு மேடைக்குப் போனாள். நான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது விக்டர் எழுந்தார். அன்னத்துக்கு இரண்டாம் இடம் என்பது அவருக்குத் தாங்கவில்லை. “பர்தோன், மன்னிக்கணும், ஒரு சந்தேகம். அந்த மூணு காக்கா படமும் இந்தப் படமும் ஒண்ணு. அதே நீல போட்டு, அதே மேகம். ரெண்டுல எது யாருது?”

ஹாலில் சலசலப்பு. நடுவர் செல்வியைப் பார்த்தார். “அம்மா, கம்ப்யூட்டர்ல கை வைக்காத மூலப்படம் இருக்கா?”

“இருக்குங்க. ஜெயிக்கிறவங்க கொண்டாரணும்னு விதியில போட்டிருந்துச்சு” என்று கைப்பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தாள். விதியைப் படித்திருக்கிறாள். கிளப்பிலேயே படித்தது அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மூலப்படம் திரையில் விழுந்தது. இடது ஓரத்தில் செல்வி முழுசாக நின்றாள்.

“அம்மா, இது நீங்கதான?” என்றார் நடுவர். “படத்துக்குள்ள நீங்க நிக்கிறீங்க. அப்ப எடுத்தது யாரு?”

எனக்கு அங்கேதான் புத்தி கெட்டது. முதல் பரிசு இரண்டு அடி தூரத்தில் நிற்கிறது. அது என் கேமரா, என் ஸ்டாண்ட். அவள் உள்ளே நிற்கிறாள் என்றால் எடுத்தவன் வேறு யார்? எழுந்தேன்.

“ஐயா, உண்மையைச் சொல்லிடறேன். அது நான் எடுத்தது. ஆளுக்கு ரெண்டு படம்னு இருக்கறதால என் சம்சாரம் பேர்லயும் என் படத்தைப் போட்டேன். பரிசு நியாயமா எனக்கு வரணும்.”

பலராமனின் முகம் இருண்டது. எண்ணில் ஏமாற்றியதை நானே மைக் இல்லாமல் அறிவித்துவிட்டேன் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

“அவரு எடுக்கலைங்க” என்றாள் செல்வி. குரலில் கோபமே இல்லை. “டைமர் வெச்சு நான் எடுத்தேன். அவரு சொல்லிக்குடுத்த மாதிரியே பத்து செகண்டு வாயத் தொறக்காம நின்னேன்.”

“பொய். நான் அங்கதான் இருந்தேன்” என்றேன்.

“ஆமா, அங்கதான் இருந்தாரு” என்றாள் அவள். “அந்த டீக்கடையைக் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டுங்க.”

கம்ப்யூட்டரில் இருந்தவர் பெரிதாக்கினார். முதுகைக் காட்டி நின்ற ஆள் வளர்ந்தான். வெள்ளைச் சட்டை. ஊரில் பாதிப் பேர் போடுகிற சட்டை. இன்னும் வளர்ந்தான். பின்மண்டை திரை நிறைந்தது. அதன் நடுவில், காலை வெயிலில் பளபளவென்று, தோசைக் கரண்டி அகலத்துக்கு ஒரு வழுக்கை.

பாவம், யாரோ என்று நினைத்தேன்.

எனக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. விக்டர் திரையைப் பார்த்தார். குனிந்து என் தலையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு ராணுவத்தில் சாட்சி சொல்கிற குரலில், “அதேதான். பல வருஷமா பாத்துக்கிட்டு வரேன், எனக்குத் தெரியாதா?” என்றார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் முதுகு அன்றைக்கு என்னைத் தவிர ஊருக்கே தெரிந்திருந்தது. பல சாயங்காலம் உட்கார்ந்து, ரசனை கெட்டவன் என்று திட்டித் திட்டி, அழுத்தித் தேய்த்து நான் அழித்தது என்னைத்தான். எடுத்தவளையும் அழித்து, என்னையும் அழித்து, ஒரு காக்காயை மட்டும் மூன்றாக்கியிருக்கிறேன்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சிரிக்காதவர் நடுவர் ஒருவர்தான். அவர் செல்வியிடம் மெதுவாகக் கேட்டார். “டைமரை வெச்சுட்டு நீங்க ஏம்மா அங்க போயி நின்னீங்க?”

“வெயிலு வந்துச்சுங்க. பாக்கட்டும்னு அவரைக் கூப்பிட்டேன். திரும்பல, கைய ஆட்டுனாரு, ஆட்டிக்கிட்டே பேசிக்கிட்டு இருந்தாரு. என் நெழலு அவரு காலுகிட்ட வரைக்கும் போறதைப் பாத்தேன். சரி, அதாவது போயி கூப்பிடட்டும்னு நின்னேன்.”

நான் தலை குனிந்திருந்தேன். வெட்கம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். வெட்கமும் இருந்தது. ஆனால் அதைவிட வியப்புதான் அதிகம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில், மீன் பையோடும் வினைச்சொற்களோடும் நடமாடிக்கொண்டிருந்தவளுக்குள் இப்படி ஒரு கண் இருந்திருக்கிறது. வெளிச்சத்தைத் தேடி நான் ஸ்கூட்டரில் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன். அது என் பின்னால்தான் உட்கார்ந்து வந்திருக்கிறது. கை தட்டினேன். ஹாலில் கடைசியாக நிறுத்தியவன் நான்தான்.

கிளப் அன்றைக்கே கூடி முடிவெடுத்தது. என் படங்கள் நீக்கம். அடுத்த வருஷம் முதல் பதினேழாம் எண் லூர்துசெல்விக்கு. அவள் பெரிய மனது வைத்துக் கையெழுத்துப் போட்டால் நான் பதினேழு ஏ. அவள் போட்டாள். போடுவதற்கு முன், “எங்க அப்பா வீட்டு மனையக் கேக்கலியே?” என்று மட்டும் கேட்டாள்.

அறை கைமாறியது. மாதா மேல் செய்த சத்தியம், மறுக்க முடியுமா? கம்ப்யூட்டர் இப்போது சமையலறைப் பக்கம், அரிசி டிரம்முக்கு அருகில் இருக்கிறது. பின்பக்க அறையில் கரும்பலகை, பாய், பிள்ளைகள். கம்ப்யூட்டர் இருந்த சுவரில் பரிசுப் படம், பெரிதாக, சட்டம் போட்டு.

நேற்று சாயங்காலம் டீச்சருக்கு டீ போட்டு எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன். உள்ளே வினைச்சொல் ஓய்ந்திருந்தது. பிள்ளைகள் எல்லாம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“டீச்சர், டீக்கடையில நிக்கிறாரே, அது யாரு?”

செல்வி திரும்பினாள். கிளாஸோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

“எனக்கு எப்படித் தெரியும்? எவனோ வேலைவெட்டி இல்லாத ஆளுன்னு சார்தான் சொன்னாரு.”